தடைக்காலம் முடிந்து இறக்கிய பழைய விசைப்படகில் இடிக்கும் சத்தம்: எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: காசிமேட்டுப் படகு உரிமையாளர்

அனைவருக்கும் வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் எங்கள் விசைப்படகைப் பற்றி எழுதுகிறேன். அப்பா கட்டிய மரப்படகு. இந்த ஆண்டோடு அதற்கு 17 வயது. உள்ளே இருப்பது அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். கியர்பாக்ஸ் 3-க்கு 1, அதாவது எஞ்சின் மூன்று சுற்றுச் சுற்றினால் ப்ரொபெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி, இற்றுப்போன இரண்டு அடிப்பலகைகளை மாற்றி, ஷாஃப்டை உருவிப் பார்த்து, பழையபடி மாட்டி, ஜூன் நடுவில் தண்ணீரில் இறக்கினோம். முதல் இரண்டு பயணங்களில் குறை எதுவும் தெரியவில்லை. மூன்றாவது பயணத்தில் வலையை இழுத்து முடித்துக் கரை நோக்கித் திரும்பும்போது, எஞ்சின் அறையின் தரைக்கு அடியிலிருந்து மரத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. வேகத்தைக் கூட்டினால் தட்டும் வேகமும் கூடுகிறது; ஓரளவுக்கு மேல் போனால் எஞ்சின் இரைச்சலில் அது கலந்துவிடுகிறது, ஆனால் தரைப்பலகை அதிர்வதைக் காலால் உணர முடிகிறது. துறைமுகத்துக்கு வந்து நியூட்ரலில் ஓட விட்டபோதும் கடகடவென்று சத்தம் இருந்தது.

பார்க்க வந்த மெக்கானிக், நியூட்ரலிலும் சத்தம் இருப்பதால் கோளாறு எஞ்சினுக்குள்தான் இருக்கிறது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் பேரிங், அதாவது கான்ராட் பேரிங் போயிருக்கும், எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்கை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு இரண்டு வாரம் ஆகும். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்துவிட்டு, மீன் நன்றாகக் கிடைக்கும் இந்த நாட்களில் மறுபடியும் படகைக் கட்டிப்போடுவது எங்களோடு சேர்த்து எட்டுக் குடும்பங்களைப் பாதிக்கும். அதே சமயம், பேரிங் போன எஞ்சினோடு நடுக்கடலில் மாட்டிக்கொள்ளவும் எனக்குத் துணிவு இல்லை. ஆயில் பிரஷர் வழக்கம்போலவே காட்டுகிறது. புகையின் நிறத்தில் மாற்றம் இல்லை. பிரிப்பதற்கு முன்னால் நாங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பதில்: ஓய்வு பெற்ற டீசல் ஃபிட்டர், தண்டையார்பேட்டை

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஓடும்போது கேட்பதைத் தட்டும் சத்தம் என்கிறீர்கள். நியூட்ரலில் கேட்பதைக் கடகட என்கிறீர்கள். இரண்டும் ஒரே சத்தம் என்று யார் முடிவு செய்தது? பழைய எஞ்சினில் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறுகள் இருப்பது மிகவும் சாதாரணம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால் எந்தச் சோதனையும் சரியான விடையைத் தராது. எனவே முதலில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது ஆபத்தா இல்லையா என்பதை ஆயில்தான் சொல்லும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதோடு ஓட்டவே கூடாது. நிறம் சரியாக இருந்தால், ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுமினுப்பான துகள் இருந்தால் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, அதாவது கியர், லைனர், ரிங் போன்றவற்றின் தேய்மானம். ஒட்டாத வெள்ளி நிறத் துகளோ செம்பு நிறத் துகளோ இருந்தால் அது பேரிங்கின் மேற்பூச்சிலிருந்து உரிந்தது. அப்படியானால் மெக்கானிக் சொன்னது சரி, மேற்கொண்டு ஓட்டாமல் பிரித்துவிடுங்கள். ஆயில் பிரஷரைக் குளிர்ந்த எஞ்சினில் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பேரிங் தேய்ந்த எஞ்சின்கூடக் குளிரில், ஆயில் கெட்டியாக இருக்கும்போது, நல்ல பிரஷர் காட்டும். நன்றாகச் சூடேறிய பிறகு, குறைந்த சுற்றில் காட்டுவதுதான் கணக்கு.

ஆயில் சுத்தமாக இருந்தால் அடுத்தது எண்ணிப் பார்ப்பது. என் அனுபவத்தில் காதைவிட நம்பகமானது இதுதான். எஞ்சினுக்குள்ளும் வெளியிலும் இருக்கும் ஒவ்வொரு பாகமும் தனக்கென்று ஒரு வேகத்தில் சுற்றுகிறது. சத்தம் எந்த வேகத்தில் திரும்ப வருகிறதோ, அந்த வேகத்தில் சுற்றும் பாகத்தில்தான் கோளாறு இருக்கும். உங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 வினாடியில் கிராங்க் 100 முறை சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆதலால், ஒரு சிலிண்டரில் டீசல் எரிவதும், ஒரு வால்வு திறந்து மூடுவதும் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 10 வினாடியில் 50 முறை நடக்கும். உங்கள் கியர்பாக்ஸ் 3-க்கு 1 என்பதால், கியர் போட்ட பிறகு ஷாஃப்டும் ப்ரொபெல்லரும் 10 வினாடியில் ஏறக்குறைய 33 முறை சுற்றும். 50, 100, 33 என்று மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

காதால் அவ்வளவு வேகத்தில் எண்ண முடியாது. கைப்பேசியைத் தரைப்பலகைமேல் வைத்துப் பதிவு செய்து, கால் பங்கு வேகத்தில் ஓட விட்டு எண்ணுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் இந்த வசதி இல்லை. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் அழுத்தி, முனையை எஞ்சின்மேல் வைத்துக் கேட்போம். அதையும் செய்யுங்கள்: பிளாக்கின் அடிப்பாகம், டேப்பெட் மூடி, கியர்பாக்ஸ், ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்ட் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால், எங்கே பலமாகக் கேட்கிறது என்பது தெரியும். சுற்றும் ஷாஃப்டின்மேல் மட்டும் வைக்கவே கூடாது. கைலி கட்டிக்கொண்டு எஞ்சின் அறைக்குள் இறங்காதீர்கள். துணியின் நுனி ஷாஃப்டில் சுற்றினால் இழுத்துப் போட்டுவிடும்.

மூன்றாவது, சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. மெதுவாக ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒரு நாசிலுக்குப் போகும் பிரஷர் பைப்பின் நட்டை ஸ்பேனரால் சற்றே தளர்த்தினால், அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் எஞ்சின் சுற்று கொஞ்சம் இறங்கும். தட்டும் சத்தம் அப்போது அடங்கினால் அல்லது தெளிவாகக் குறைந்தால், கோளாறு அந்தச் சிலிண்டரில்: நாசிலாகவோ, பிஸ்டனாகவோ, கான்ராட் பேரிங்காகவோ இருக்கலாம். ஆறையும் இப்படிச் செய்து பார்த்தும் சத்தம் கொஞ்சமும் மாறாவிட்டால் கான்ராட் பேரிங்கின் மேல் இருக்கும் சந்தேகம் பெரும்பாலும் விலகிவிடும். நட்டைத் தளர்த்துமுன் அதன்மேல் கனமான துணியைப் போட்டு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, கையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பைப்பிலிருந்து பீறிடும் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் பார்த்தால் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் கையையே இழக்க நேரிடலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலிக்கும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நியூட்ரலில் கேட்கும் கடகடவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சுற்றை 600-இலிருந்து 700-க்கு உயர்த்திப் பாருங்கள். மறைந்துவிட்டால், அது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அதிர்வைத் தணிக்கும் டேம்பர் கப்ளிங்கின் ரப்பரோ ஸ்பிரிங்கோ தளர்ந்ததால், சுமை இல்லாத கியர் பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தமாக இருக்கக்கூடும். கவனிக்க வேண்டியதுதான், ஆனால் அதற்காகக் கிராங்கை இறக்க வேண்டியதில்லை.


பதில்: ராயபுரம் படகு உரிமையாளர்

ஃபிட்டர் ஐயா சொன்ன ஆயில் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் பட்டது வேறொன்று: ஷாஃப்டை உருவி மாட்டினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டியபின் அலைன்மெண்டை, அதாவது எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை, எங்கே பார்த்தீர்கள், கரையிலா தண்ணீரிலா?

மரப்படகு கரையில் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் வடிவம் வேறு, தண்ணீரில் மிதக்கும்போது இருக்கும் வடிவம் வேறு. கரையில் எடையைத் தாங்குவது அடியில் வைத்த சில கட்டைகள் மட்டுமே. தண்ணீரிலோ அடிப்பாகம் முழுவதும் தாங்கப்படுகிறது. அதோடு, நம் தடைக்காலத்துக்குள்ளேதான் கத்திரி வெயிலும் வருகிறது. தடைக்காலம் 45 நாளாக இருந்தபோதே பலகைகள் காய்ந்து இடைவெளி விடும். 2017 முதல் அது 61 நாளான பிறகு மரம் இன்னும் அதிகமாகக் காய்கிறது. தண்ணீரில் இறக்கியபின் அந்த மரம் நீரை உறிஞ்சி உப்புவதற்குச் சில நாட்கள் ஆகும். கரையில் மயிரிழை பிசகாமல் பொருத்திய எஞ்சினும் ஷாஃப்டும், பத்து நாள் கழித்து ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பது இதனால்தான். முதல் இரண்டு பயணம் நன்றாகப் போய், மூன்றாவதில் சத்தம் தொடங்கியது என்பது இதற்குப் பொருந்தி வருகிறது. எங்கள் படகிலும் சில ஆண்டுகளுக்கு முன் இதே நடந்தது. நாங்கள் கவனிக்காமல் ஓட்டி, அந்த ஆண்டு முடிவதற்குள் கியர்பாக்ஸின் பின்பக்க ஆயில் சீலையும் பேரிங்கையும் மாற்றும்படி ஆயிற்று.

பார்க்கும் முறை இது. எஞ்சினை நிறுத்தி, தற்செயலாக யாரும் கிளப்பிவிடாதபடி பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஷாஃப்ட் பின்னால் நழுவி ஓடாதபடி கயிறு போட்டுக் கட்டிவிட்டு, கியர்பாக்ஸின் முனையிலும் ஷாஃப்டின் முனையிலும் இருக்கும் வட்டத் தகடுகளை, அதாவது ஃபிளாஞ்சுகளை, இணைக்கும் போல்ட்களை எடுங்கள். போல்ட்களையும் அவற்றின் துளைகளையும் நன்றாகப் பாருங்கள்; துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதுவே தட்டும் சத்தத்தைத் தரும். கழற்றியதும் ஷாஃப்டின் முன்முனை தன் எடையால் கீழே தொங்கும். அதை அப்படியே வைத்து அளந்தால் தவறான கணக்கு வரும். அடியில் ஆப்பு வைத்து, கிளாண்டுக்குள் நடுவில் நிற்கும்படி தூக்கி நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். பிறகு இரண்டு ஃபிளாஞ்சுகளையும் மெல்லச் சேர்த்து, மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு இடங்களிலும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். ஃபிளாஞ்சின் விட்டம் 100 மில்லிமீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் வரை போகலாம் என்பது பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு.

இடைவெளி அதிகமாக இருந்தால் உடனே எஞ்சினை நகர்த்தாதீர்கள். ஷாஃப்ட் ஃபிளாஞ்சை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் அளந்து பாருங்கள். பெரிய இடைவெளி அதே இடத்திலேயே இருந்தால் அலைன்மெண்ட் தவறு. ஃபிளாஞ்சோடு சேர்ந்து அதுவும் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது ஃபிளாஞ்சின் முகம் நேராக இல்லை. அதை லேத் பட்டறையில்தான் சரிசெய்ய முடியும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நாள் முழுவதும் எஞ்சின் காலுக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை வைத்துக்கொண்டு திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.


பதில்: எண்ணூர்

ஃபைபர் படகு வைத்திருப்பவன் என்பதால் பெரிய எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் ஒன்று: ப்ரொபெல்லருக்கும் ஷாஃப்ட் வெளியே வரும் குழாயான ஸ்டெர்ன் டியூபுக்கும் நடுவில் அறுந்த வலையோ நைலான் கயிறோ சுற்றியிருக்கிறதா என்று முங்கத் தெரிந்த ஒருவரை விட்டுப் பார்த்துவிடுங்கள், அப்போது எஞ்சின் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். அந்த இடத்தில் இருக்கும் ரப்பர் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். கயிறு அடைத்தால் தண்ணீர் போகாது. எங்கள் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆற்றோடு வந்து படியும் சாம்பல் வண்டலில் அது எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதை நாங்கள் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம். நீங்களும் துறைமுகத்துக்குள் கியர் போட்டுச் சோதனை செய்யும்போது அடிச்சேறு கலங்கிக் கூலிங் தண்ணீரோடு உள்ளே போகும். நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், வெளியே வரும் தண்ணீரின் அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.


கேள்வி கேட்டவர், ஐந்து நாள் கழித்து

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தோம்; முடிவுகளை அப்படியே எழுதுகிறேன்.

ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்ததில் கரிதான் இருந்தது. மினுமினுப்பு எதுவும் இல்லை. நன்றாகச் சூடேற்றிய பிறகும் பிரஷர் இறங்கவில்லை. நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியபோது ஒவ்வொரு முறையும் எஞ்சின் சுற்று இறங்கியது, ஆனால் தட்டும் சத்தம் மாறவே இல்லை. படகை நான்கு வடம் போட்டுக் கட்டிவிட்டு, 600 சுற்றில் கியர் போட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து, மகள் மூன்று முறை எண்ணினாள்: 34, 33, 33. அந்த எண்ணைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் வெட்கமில்லை. நியூட்ரலில் கேட்ட கடகட, ஐயா சொன்னபடியே 700 சுற்றில் மறைந்துவிட்டது.

முங்கிப் பார்த்தவர் கயிறு எதுவும் இல்லை, ப்ரொபெல்லரின் இதழ்களும் சரியாக இருக்கின்றன என்றார். அலைன்மெண்டைக் கரையில்தான் பார்த்திருந்தோம். தண்ணீரில் இறக்கியபின் யாரும் தொடவில்லை. ஃபிளாஞ்சுகளின் இணைப்பைக் கழற்றியபோது ஆறு போல்ட்டில் இரண்டு விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. அந்த இரண்டின் துளைகளும் தேய்ந்து அகன்றிருந்தன. எங்கள் ஃபிளாஞ்சின் விட்டம் 150 மில்லிமீட்டர். இடைவெளி மேலே 0.05, கீழே 0.55. இடவலம் சரியாகவே இருந்தது. ஷாஃப்ட் ஃபிளாஞ்சை அரைச் சுற்றுத் திருப்பியும் பெரிய இடைவெளி கீழேயே நின்றது. எனவே ஷாஃப்ட் நேராகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

எஞ்சினின் பின்கால்கள் இரண்டும் உட்காரும் மரம் அமுங்கியிருப்பது அதன் பிறகுதான் கண்ணில் பட்டது. எஞ்சினின் பின்பக்கம் இறங்கிவிட்டதால் ஃபிளாஞ்சின் மேல்விளிம்பு முட்டிக்கொண்டு, கீழே வாய் திறந்திருக்கிறது. இப்போது அந்த மரத்தின்மேல் கனமான இரும்புத் தகடு வைத்து, ஷிம் கொடுத்துத் தூக்கி, கீழ் இடைவெளியை 0.15-க்குக் கொண்டுவந்திருக்கிறோம். ஃபிளாஞ்சின் துளைகளைத் தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பெரிதாக்கி, அதற்குப் பொருத்தமான போல்ட்களையும் கடைந்து வாங்கினோம். நேற்று மாலை துறைமுகத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். தட்டும் சத்தம் இல்லை. தரைப்பலகைமேல் வைத்த டீ டம்ளர் நடுங்காமல் நின்றது.

இரண்டு சந்தேகங்கள் மீதம் இருக்கின்றன. மேலும் கீழும் 0.1 வித்தியாசம் இருப்பதை இன்னும் குறைக்க வேண்டுமா? டேம்பர் கப்ளிங்கை இப்போதே மாற்ற வேண்டுமா?


பதில்: ஓய்வு பெற்ற டீசல் ஃபிட்டர்

மிக்க மகிழ்ச்சி தம்பி. உங்கள் மகளின் பொறுமைக்கு என் வாழ்த்து.

150 மில்லிமீட்டர் ஃபிளாஞ்சுக்கு 0.15 வரை போகலாம் என்பதால் 0.1 போதும்; இன்னும் குறைக்க முயன்று புதிய போல்ட்களைத் திரும்பத் திரும்பக் கழற்றாதீர்கள். ஆனால் தகட்டுக்கு அடியில் இருக்கும் அந்த மரம் இன்னும் அமுங்க இடமிருக்கிறது. இரண்டு பயணம் போய்வந்ததும் கால் போல்ட்களை ஒருமுறை இறுக்கிவிட்டு, அலைன்மெண்டை மறுபடியும் அளந்து பாருங்கள். மரத்தில் கத்தி முனையைக் குத்திப் பார்த்து, எளிதாக இறங்கினால் அது அமுங்கியதல்ல, இற்றது; அப்படியானால் தகடு தாங்காது, அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். ஷாஃப்ட் இவ்வளவு நாள் கோணலாகச் சுற்றியிருப்பதால் கிளாண்டில் தண்ணீர் சொட்டுவது கூடியிருக்கிறதா என்பதையும், கியர்பாக்ஸின் பின்சீலில் ஆயில் கசிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

டேம்பரை மாற்றக் கியர்பாக்ஸைப் பின்னால் நகர்த்த வேண்டும். சுற்றை 700-இல் வைத்து ஓட்டி, அடுத்த தடைக்காலத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதற்குள் 700-இலும் கடகட கேட்கத் தொடங்கினாலோ, கியர் போடும் கணத்தில் இடிக்கும் சத்தம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.


கேள்வி கேட்டவர்

கத்தியால் குத்திப் பார்த்தேன் ஐயா. வலப்பக்கம் உறுதியாக இருக்கிறது. இடப்பக்கம் அரை அங்குலம் இறங்குகிறது. நாளை தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துண்டை மாற்றி, படகு தண்ணீரில் இருக்கும்போதே மறுபடியும் அளந்துவிட்டுத்தான் கடலுக்குப் போவோம்.